எர்த்துக்காரர் கழற்றிய கம்பி

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அந்த ஊரில் நான்கைந்து பேர் இருந்தால் அதிகம். எர்த்துக்காரர் என்றால்தான் தெரியும். பெரிய மெஷின்களை இறக்கி, நிறுத்தி, கரண்ட் கொடுத்து ஓடவிடுவது அவர் தொழில். ஓட்டல்களில் பாத்திரம் கழுவும் மெஷின், ரொட்டிக்கடை அடுப்பு, ஐஸ் பெட்டி, சலவைக்கூடத்து வாஷர் என்று எதுவானாலும் சரி, வாசலில் செருப்பை விடும்போதே கேட்பார்.

"எர்த் எங்க இருக்கு?"

"எல்லாம் இருக்குங்க" என்பார்கள். பாதி இடங்களில் இருக்காது. சுவரிலிருக்கும் ப்ளக் பாயின்டைக் கழற்றி உள்ளே பார்ப்பார். பச்சைக் கம்பி லட்சணமாக உள்ளே போகும். நாலு விரல் தூரம் போய், எதிலும் சேராமல் நறுக்கிவிடப்பட்டிருக்கும்.

"இது எர்த் இல்லீங்க. எர்த் மாதிரி வேஷம் கட்டியிருக்கு" என்பார். "மெஷின் உடம்புல கரண்ட் இறங்கிடுச்சுன்னா அது ஓடிப்போக ஒரு வழி வேணும். நாம ஒரு வழி வைக்கலைன்னா, தொடுறவங்க உடம்பையே அது வழியா வெச்சுக்கும்."

குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, அங்கிருந்து செம்புப் பட்டை இழுத்து மெஷினில் முடுக்கிய பிறகுதான் மற்ற கம்பிகளைத் தொடுவார். அதற்கும் பிறகு கசிவு பார்க்கும் ஸ்விட்ச் ஒன்று. ட்ரிப்பர் என்பார்கள். கரண்ட் போன வழியே முழுசாகத் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். துளி குறைந்தாலும் கண் இமைப்பதற்குள் விழுந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். எர்த் ஒரு காவல், ட்ரிப்பர் ஒரு காவல். இரண்டும் இருந்தால்தான் அவர் கையெழுத்துப் போடுவார். ஒருமுறை ஒரு ஓட்டல்காரர் குழி தோண்ட இடம் தரமாட்டேன் என்றபோது, பாதி கட்டிய மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. "பொண்ணு பார்க்கப் போன வீட்டுலயும் எர்த் இருக்கான்னு கேட்டிருப்பாரு, அதான் ஒண்ணும் அமையலை" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் அடிப்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். உண்மைக் காரணம் வேறு. அப்பா போனபோது அவருக்கு இருபது வயது, தங்கைக்கு எட்டு. தங்கையைப் படிக்கவைத்து, ஆளாக்கி, ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்து நிமிர்ந்தபோது அவர் தலையில் நரை விழுந்திருந்தது. அந்த ஒருவனும் இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு ஒருநாள் வேலைக்குப் போகிறேன் என்று போனவன்தான், திரும்பவே இல்லை. தங்கையைக் கூட்டிவந்து தன் வீட்டிலேயே கீழே குடிவைத்தார். மாடியில் ஒற்றை அறையில் அவர் இருந்தார். சாயங்காலம் ஆனால் மாடிப்படியில் அவள் காலடிச் சத்தம் கேட்கும். சாப்பாட்டுத் தட்டை மூடிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்து அன்றைய கூடத்துக் கதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள்.

கூடம் என்றால் சலவைக்கூடம். இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் ஏழெட்டு ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் இடம். இருபத்திரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். தங்கைக்கு வேலை, துணியை இஸ்திரி போட்டுத் தேய்க்கும் உருளைப் பக்கம். அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. எத்தனை துணியோ அத்தனைக்குக் கூலி.

அந்தக் கூடத்துக்கு நூறு கிலோ வாஷர் ஒன்று வந்து இறங்கியபோது, மாட்டிக்கொடுக்க எர்த்துக்காரரைத்தான் கூப்பிட்டார்கள். பார்த்தவுடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கேயோ பத்து வருஷம் உழைத்துக் களைத்த மெஷின். பெயிண்ட் மட்டும்தான் புதிது.

"முதலாளி, இது பழசுங்க."

"பழசுன்னா என்ன, ஓடுதா இல்லையா? நம்ம ரெண்டு பேரும் பழசுதான், ஓடலையா?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். எர்த்துக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கட்டிடம் அதைவிடப் பழசு. எர்த் என்ற ஒன்றே அங்கே இல்லை. இத்தனை வருஷம் எந்தப் புண்ணியத்தில் ஓடியதோ தெரியவில்லை. பின்பக்கச் சந்தில் இரண்டு குழி தோண்டச் சொன்னார். முதலாளி முணுமுணுத்தாலும் ஒத்துக்கொண்டார். இரண்டு குழியிலிருந்தும் இரண்டு செம்புப் பட்டைகள் சுவரோரமாக ஏறி, உள்ளே வந்து ஒரு பொதுப் பட்டையில் சேர்ந்தன. வாஷர், உலர்த்தி, தேய்க்கும் உருளை என்று கூடத்திலிருந்த எல்லா மெஷின்களின் உடம்பையும் அந்தப் பொதுப் பட்டையோடு இணைத்தார். சொன்ன வேலை வாஷர் மட்டும்தான். மற்றதைத் தங்கைக்காகச் செய்தார். மூன்றாம் நாள் எர்த் அளக்கும் மெக்கர் கருவியை வைத்து அளந்து பார்த்தார். அளவுகள் எல்லாம் அவர் மனதுக்குப் பிடித்தபடி இருந்தன. ஸ்விட்சைத் தூக்கினார். வாஷர் பெருமூச்சு விட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

தங்கை அன்று கூடம் முழுக்க அண்ணன் புராணம்தான் பாடினாளாம்.

மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. நாலாவது வாரம் ட்ரிப்பர் விழ ஆரம்பித்தது. முதலில் நாளுக்கு ஒரு தடவை, பிறகு மணிக்கு ஒரு தடவை. வாஷர் நின்றால் கூடமே நிற்கும். அவர் போய் மெஷினின் வயிற்றைத் திறந்து பார்த்தார். தண்ணீரைச் சூடாக்கும் மூன்று ஹீட்டர்களின் வாயிலும் ரப்பர் வெடித்து, உள்ளே ஈரம் ஏறியிருந்தது. காயவைத்து மாட்டினால் அரைநாள் ஓடும். பிறகு கசியும். கசிந்தால் ட்ரிப்பர் விழும். அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

"ஹீட்டர் மாத்தணும் முதலாளி. இந்த மாடல் இப்ப இங்க கிடைக்காது. சொல்லி வரவழைக்கணும், மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் பச்சைத் தண்ணியில ஓட்டுங்க."

"ஆஸ்பத்திரித் துணியைப் பச்சைத் தண்ணியில போட்டா அவன் என்னையே சேர்த்துத் துவைச்சுடுவான். சுடுதண்ணின்னு எழுதிக் கொடுத்திருக்கேன்."

"அப்போ நிறுத்தி வைங்க."

"நிறுத்தினா இவங்க எல்லாரும் மூணு வாரம் வீட்டுல இருக்கட்டும். சொல்லிடு நீயே."

சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை, அவர்களே சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்றது வக்கீல். அவள் வக்கீலுக்குப் படித்தவள் இல்லை, வாஷரில் துணி போட்டு எடுக்கிறவள். யாரோடு எதைப் பற்றிப் பேசினாலும் எதிர்க்கட்சி ஆடுவாள் என்பதால் அந்தப் பட்டம். நாற்பது வயது, ஒல்லி உடம்பு, ஊரையே கூட்டும் குரல். வீட்டில் தையல்காரப் புருஷன், பத்தொன்பது வயதில் ஒரு பெண்.

"ஏன் எர்த்துக்காரரே, உன் டப்பாவுக்கு எங்க மேல என்ன கோவம்? நாங்க நாலு துணி போட்டா அது எட்டு தடவை விழுது. அதுக்குக் கூலி நாங்களா குடுக்கிறோம், இவ்வளவு ரோஷமா இருக்கு?"

"அது விழுந்தாத்தாம்மா நீங்க விழாம இருப்பீங்க."

"இதுக்கு முன்னாடி பன்னெண்டு வருஷம் இந்த டப்பா இல்லாமதானே வேலை பார்த்தோம்? யாரு செத்தா, சொல்லு பாப்போம்."

அவரிடம் பதில் இருந்தது. ஆனால் அவளிடம் வாயைக் கொடுத்து ஜெயித்தவர்கள் யாருமில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் தங்கை தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். கதை எதுவும் சொல்லவில்லை. படியில் உட்கார்ந்து முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா?"

"ரெண்டு பேரு இன்னிக்கே என்கிட்ட பேசலைண்ணே. உன் அண்ணன்தான் எங்க வயித்துல அடிக்கிறாருங்கிறாங்க. முதலாளி, வேற யாரையோ கூட்டிட்டு வந்து எல்லாத்தையும் பிடுங்கி எறியப் போறேங்கிறாரு. வர்றவன் எர்த்தையும் சேர்த்துப் பிடுங்கிட்டா?"

அவர் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"நீயேதானே சொல்லுவ, ரெண்டு காவல்னு. ஒரு காவல் மூணு வாரம் இல்லைன்னா இன்னொண்ணு பார்த்துக்காதா?"

"பார்த்துக்கும். ஆனா அப்படி விடக்கூடாது."

"என் பெரியவனுக்கு அடுத்த வாரம் பரீட்சைக்குக் கட்டணும்ணே. நான் கேக்காமலே நீ எத்தனையோ குடுத்துட்ட, இதுக்கும் உன்கிட்டயே எப்படி வாங்குவேன்?"

முப்பது வருஷத்தில் எத்தனையோ முதலாளிகள் அவரைக் கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள். எதையும் காதில் போட்டுக்கொண்டதில்லை. எட்டு வயதிலிருந்து தன்னிடம் எதையும் வாய்விட்டுக் கேட்காத ஒருத்தி கேட்டபோது அவரால் தாங்க முடியவில்லை. ராத்திரி முழுக்க மனதுக்குள் கணக்குப் போட்டார். குழி ஈரமாகத்தான் இருக்கிறது. பட்டை கனமான பட்டை. அதுவும் ஒன்றில்லை, இரண்டு. கசிவதெல்லாம் அந்த வழியில் மண்ணுக்குப் போய்விடும். தொடுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தினமும் காலையில் போய் அளந்துவிட்டால் போதும். கணக்கு சரியாகத்தான் வந்தது. அதுதான் பிறகு அவரை மிகவும் வதைத்தது. கணக்கில் எங்கேயும் தப்பில்லை.

மறுநாள் விடிந்ததும் தங்கையையும் கூட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கூடத்துக்குப் போனார். மின்பலகை அறையில் தங்கையைத் தவிர வேறு யாரும் இல்லை. ட்ரிப்பரிலிருந்து வாஷருக்குப் போகும் கம்பிகளைக் கழற்றி, ட்ரிப்பரைத் தாண்டி நேராக முடுக்கினார். ட்ரிப்பரைப் பலகையிலேயே விட்டுவைத்தார். அதன் கைப்பிடி மேலே தூக்கியபடி நின்றது. பார்க்கிறவர்களுக்கு அது காவல் காப்பதுபோலத்தான் தெரியும்.

"யார்கிட்டயும் சொல்லாதே. ஹீட்டர் வந்ததும் பழையபடி மாத்திடுவேன்."

அவள் தலையாட்டினாள்.

அன்று மத்தியானம் வரை வாஷர் ஒருமுறைகூட நிற்கவில்லை. வக்கீல் ஒரு டம்ளர் டீயோடு அவரிடம் வந்தாள்.

"குடி எர்த்துக்காரரே. நேத்து கொஞ்சம் ஓவராப் பேசிட்டேன். இன்னிக்கு உன் டப்பாவுக்கு நல்ல புத்தி வந்துடுச்சு போல."

அவர் டீயை வாங்கிக் குடித்தார்.

பதினொரு நாள் தினமும் காலையில் கூடத்துக்குப் போய், பெண்கள் வருவதற்குமுன் எர்த்தை அளந்து பார்த்தார். பதினொரு நாளும் சரியாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் ஊரின் அந்தக் கோடியில் ஒரு ரொட்டிக்கடையில் பெரிய அடுப்பு வந்து இறங்குவதாக இருந்தது. லாரி ஏழு மணிக்கே வந்துவிடும். நேற்றுவரை சரியாக இருந்தது இன்று எங்கே ஓடிப்போய்விடும் என்று நினைத்தார். நேராக ரொட்டிக்கடைக்குப் போய்விட்டார்.

ஒன்பதேகாலுக்குத் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, ஒண்ணும் பெரிசா இல்லை. மெஷினைத் தொட்டா கையில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"எந்த மெஷின்?"

"என் உருளைதான். உலர்த்தியிலயும் அப்படித்தான் இருக்குன்னாங்க. எல்லாத்துலயும்."

எல்லாத்துலயும் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு மெஷினில் என்றால் ஒரு மெஷினின் கோளாறு. எல்லா மெஷினிலும் என்றால் பொதுப் பட்டை மண்ணோடு இல்லை. வாஷரில் கசிவது போக வழியில்லாமல் எல்லா உடம்புகளிலும் ஏறி நிற்கிறது. அதை வெட்டிவிட வேண்டிய ட்ரிப்பரை அவரே செத்ததாக்கி வைத்திருக்கிறார்.

"யாரையும் எதையும் தொடவிடாதே. மெயினைக் கீழ தள்ளு. இப்பவே."

"அந்த அறைச் சாவி சூப்பர்வைசர்கிட்ட இருக்குண்ணே. கேட்டுட்டு..."

"கேக்காதே! கதவை உடைச்சாவது தள்ளு!"

போன் அதற்குள் வைக்கப்பட்டிருந்தது. அவர் திரும்பக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திறந்த அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தார். அந்த ஊரை அவர் அத்தனை வேகத்தில் கடந்ததில்லை. சிக்னல்களில் யார் யாரோ திட்டினார்கள்.

நடந்ததைப் பிறகு தங்கைதான் சொன்னாள், ஒரே ஒருமுறை. சூப்பர்வைசர் அம்மாவிடம் சாவி கேட்டிருக்கிறாள். "வாஷர்ல போட்ட ஈடு துணி முடியப் போகுது, இன்னும் ரெண்டு நிமிஷம்தான், முடிஞ்சதும் நிறுத்திப் பார்க்கலாம்" என்றிருக்கிறாள் அந்தம்மா. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நடுவில் நிறுத்தினால் சுடுதண்ணீர் வீணாகும், அவ்வளவுதான். ரெண்டு நிமிஷத்தில் ஈடு முடிந்து மணி அடித்தது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்ற வக்கீல், எப்போதும்போல ஒரு கையால் மெஷினின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கதவை இழுத்தாள்.

அவள் கத்தவில்லையாம். ஊரைக் கூட்டும் குரல்காரி ஒரு சத்தமும் போடவில்லை. மெஷினை அணைத்துக்கொண்டு நிற்பதுபோல் நின்றாளாம். தங்கை சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி மெயினைத் தள்ளிய பிறகுதான் கீழே விழுந்தாள்.

எர்த்துக்காரர் உள்ளே நுழைந்தபோது அவளை வெளுத்த படுக்கை விரிப்புகளின் குவியல்மேல் கிடத்தியிருந்தார்கள். மண்டியிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே இருந்தார். யாரோ அவர் தோளைப் பிடித்து, "போதும் அண்ணே" என்று சொல்லித் தூக்கினார்கள்.

பிறகு பின்பக்கச் சந்துக்குப் போய்ப் பார்த்தார். இரண்டு செம்புப் பட்டைகளையும் தோள் உயரத்தில் ரம்பத்தால் அறுத்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பழைய இரும்புக் கடையில் செம்புக்கு எப்போதும் மவுசு. அறுத்த முனைகள் புத்தம் புதிதாகப் பளபளத்தன.

திரும்பி வந்தபோது மின்பலகை அறை வாசலில் தங்கை நின்றாள்.

"அண்ணே, அந்தக் கம்பியை மாத்திடு. யாரும் வர்றதுக்குள்ள மாத்திடு."

"தொட மாட்டேன்."

"உன்னை உள்ள வெச்சுடுவாங்க."

"வைக்கட்டும்."

அவர் அதை வீம்புக்குச் சொல்லவில்லை. ஒரு காவல் போய்விட்டது, இன்னொரு காவலை நான்தான் எடுத்தேன் என்று எங்காவது போய்ச் சொல்லிவிட வேண்டும், யாராவது அதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் மின்சார இன்ஸ்பெக்டர் வந்தார். சந்தில் அறுபட்ட பட்டையைப் படம் எடுத்துக்கொண்டார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். எர்த்துக்காரர் எதிரில் போய் நின்றார்.

"சார், பலகையைத் திறந்து பாருங்க. ட்ரிப்பர் லைன்ல இல்லை. நான்தான் தாண்டி விட்டேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவருக்கு இவரைப் பல வருஷமாகத் தெரியும்.

"உங்களை யாராவது கேட்டாங்களா?"

"இல்லை சார்."

"டாக்டர் இதயம் நின்னு போச்சுன்னு எழுதியிருக்கார். அவங்களுக்கு முன்னாடியே நெஞ்சு பலவீனம்னு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருக்கார். உடம்பை அறுத்துப் பார்க்கலை, நேத்தே எடுத்துட்டாங்க. செம்பு திருடு போனதுக்குப் போலீஸ்ல புகார் இருக்கு. இதுல நீங்க சொல்றதை நான் எங்கே எழுதுறது?"

"ஒரு ஓரமா எழுதுங்க சார்."

"எழுதினா கூடத்தைப் பூட்டணும். இருபத்தியொரு பொம்பளைங்க தெருவுல நிப்பாங்க. அவங்களுக்கு நீங்க பதில் சொல்வீங்களா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுக்குப் போங்க. நல்ல மனுஷன் நீங்க. ரெண்டு நாள் தூங்கி எழுந்திருங்க."

அவர் வீட்டுக்குப் போகவில்லை. தையல்காரர் வீட்டுக்குப் போனார். ஒரு சந்தின் முனையில் ஒற்றை அறையும் தாழ்வாரமும். தாழ்வாரத்தில் தையல் மெஷின் துணி போர்த்தி இருந்தது. தையல்காரர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். எர்த்துக்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ட்ரிப்பரைச் சொன்னார், ஹீட்டரைச் சொன்னார், போகாமல் விட்ட அந்தக் காலையைச் சொன்னார். தங்கை கேட்டதை மட்டும் சொல்லவில்லை.

தையல்காரர் மெஷின்மேல் கிடந்த துணியை இழுத்துச் சரிசெய்தார்.

"அவ உள்ளங்கையில கறுப்பா தீஞ்சிருந்தது" என்றார் கடைசியில். "குளிப்பாட்டினவங்க சொன்னாங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"பொண்ணுக்கு அவ இடத்தையே தர்றேன்னு முதலாளி சொன்னாரு. கூடம் மூடிட்டா எந்த இடத்தைத் தருவாரு?" அவர் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எர்த்துக்காரருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். "என் கண்ணு போயிடுச்சுங்க. ஊசியில நூல் கோக்கவே அவதான் வேணும். அவ போயிட்டா. இனி பொண்ணு சம்பாதிச்சாத்தான் அடுப்பு எரியும். நீங்க இதை எங்கயாவது போய்ச் சொல்லி, அவ வேலையையும் வாங்கிடாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

அவர் நிஜமாகவே கையைக் குவித்தார். எர்த்துக்காரர் அந்தக் கைகளைப் பிடித்துப் பிரித்துவிட்டு, வந்த வழியே திரும்பினார்.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளில்லை. போலீஸில் போய் நின்றிருக்கலாம்தான். இரண்டு முறை அந்த வாசல்வரை போகவும் செய்தார். இரண்டு முறையும் குவிந்த அந்தக் கைகள் கண்ணுக்கு முன் வந்து நின்றன.

கூடத்தை ஒரு வாரத்தில் திறந்தார்கள். கரண்ட் என்ற பேச்சை எடுத்தால் கூடம் பூட்டிப்போகும் என்று பெண்கள் எல்லாரும் நெஞ்சுவலி என்றே சொல்லிக்கொண்டார்கள். எர்த்தைத் திரும்ப இழுத்துக் கொடுக்க முதலாளி அவரையேதான் கூப்பிட்டார். வேறு ஆள் போனால் எப்படிச் செய்வான் என்று அவருக்குத் தெரியும், ஆகவே போனார். இம்முறை செம்பு வேண்டாமென்று, திருட யாருக்கும் ஆசை வராத இரும்புப் பட்டையாகப் போட்டு, அதையும் சிமென்டுக்குள் புதைத்தார். ஹீட்டர்கள் வந்து மாட்டும்வரை வாஷரை ஓட்டவிடவில்லை. கம்பிகளைக் கழற்றி ட்ரிப்பருக்குள் விட்டு முடுக்கினார். வாஷர் பழையபடி பெருமூச்சு விட்டுச் சுற்றியது. ஒருமுறைகூட ட்ரிப்பர் விழவில்லை. அந்த ஊரிலேயே பயமில்லாமல் தொடக்கூடிய மெஷின் இன்று அதுவாகத்தான் இருக்கும்.

தங்கை வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் தட்டு மாடிக்கு வருகிறது. இப்போது அதைப் பிள்ளைகளில் யாராவது கொண்டுவந்து வைக்கிறார்கள். அண்ணனும் தங்கையும் சண்டை போடவில்லை. மாடிப்படியில் எதிரே பார்த்தால் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். "நான் கேட்டிருக்கக் கூடாது" என்று அவளும், "நான் செய்திருக்கக் கூடாது" என்று அவரும் ஒரேயொரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் ஏதாவது தளருமோ என்னவோ. இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. வருஷம் இரண்டாகிவிட்டது. வேலை எதையும் அவர் விடவில்லை. ஆனால் வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பேசாமல் உள்ளே போய்ப் பார்த்து, இல்லையென்றால் தானே தோண்ட ஆரம்பிக்கிறார்.

போன மாதம் வாஷரின் பெல்ட் தேய்ந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள். வக்கீலின் பெண்தான் இப்போது அந்த வாஷரில். முகம் அம்மாவை உரித்துவைத்த மாதிரி. குரல்தான் வேறு, அருகில் போய்க் கேட்டால்தான் காதில் விழும். துணி மூட்டையை இழுத்துவந்தவள் பாதியில் நின்று, நெஞ்சில் கைவைத்து மூச்சு வாங்கினாள். அவர் பெல்ட்டை மாட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"என்னம்மா, உடம்புக்கு முடியலையா?"

"இல்ல மாமா. வேகமா இழுக்கக் கூடாதுன்னு நானேதான் நின்னு நின்னு இழுக்கிறேன்."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் ஒண்ணும் இல்லைன்னுதான் சொல்றாரு. ரெண்டு டாக்டர்கிட்ட பார்த்தாச்சு. ஆனா அம்மாவுக்கும் வெளிய ஒண்ணுமே தெரியலையே. நல்லாத்தானே இருந்தாங்க, திடீர்னு நெஞ்சு நின்னு போச்சு. இது அம்மாகிட்ட இருந்து பொண்ணுக்கு வருமாம்." அவள் மூட்டையை அவிழ்த்து ஒவ்வொரு துணியாக மெஷினுக்குள் போட ஆரம்பித்தாள். "ஒரு இடத்துல பொண்ணு கேட்டு வந்தாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். கட்டிக்கிட்டு, குழந்தையைப் பெத்துப் போட்டுட்டு, நானும் பாதியில போயிட்டா? அப்பாகிட்ட சொன்னா அவரு பதிலே பேச மாட்டேங்கிறாரு. எழுந்து வெளிய போயிடுறாரு."

எர்த்துக்காரர் பெல்ட் மூடியின் கடைசித் திருகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு ஒண்ணும் வராதும்மா."

"உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

அவர் அவளைப் பார்த்தார். உருளைப் பக்கத்திலிருந்து தங்கை அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள், கையிலிருந்த துணியைப் போடாமல். பெண் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்திவிட்டு, அடுத்த மூட்டையை எடுத்துவர மெல்ல நடந்தாள், பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று.